பால் வைகாசியில, லொறி ஆனியில

“அந்த அக்காவுக்கு லாசால்ல மூணு ட்ரிப்ளெக்ஸ் கட்டடம் சொந்தமாம் சார். எல்லாம் வேற வேற பேர்லயாம். மளிகைக் கடையில பேசிக்கிட்டாங்க” என்று ஹரிபிரசாத் என் காதருகே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அக்கா முன்பின் தெரியாத ஒருவருடைய சமையலறையில் முழங்காலிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எலி இருந்திருக்கு” என்று அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது. சற்று நேரம் கழித்து, “இப்ப இல்லை. போயிட்டுது.”

வீட்டைக் காட்ட வந்திருந்த பிரெஞ்சு இளைஞர் சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் ஹரிபிரசாத்தும் அவனுடைய மனைவி தீப்தியும். என் அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள். அவர்கள் இருவரும் வாசலோரம் ஒதுங்கி நின்றார்கள். எலியோடு பேச்சுவார்த்தை முடித்தவர் எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டி, அந்த இளைஞரைப் பார்த்து, “த்ரே பியான்” என்றார். மிக நன்று என்று பொருள்.

பெயர் சிவநேசம். வயது ஐம்பத்து மூன்று. மாண்ட்ரியலில் வீடு தேடும் தமிழர்களுக்கு ‘வீட்டக்கா’. தரகர் இல்லை, யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. டோர்வலில் விமானப் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில் அதிகாலை நாலு மணி ஷிஃப்ட். மதியம் வேலை முடிந்து பஸ் ஏறினால் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். நோத்ர-டாம்-த-கிரேஸில் நாலு தெரு, லாசாலில் நாலு தெரு நடந்து, ‘வாடகைக்கு’ என்று எழுதிய அட்டை எந்தச் சன்னலில் புதிதாகத் தொங்குகிறது, எதில் காணாமல்போனது என்று பார்த்துவிட்டுத்தான் போவார். மற்றவர்கள் மாலையில் பூங்காவுக்கு நடக்கப் போவதுபோல.

கழுத்தில் விமான நிலைய அடையாள அட்டை எப்போதும் தொங்கும். வேலை முடிந்தபிறகும் ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “கழுத்தில கார்ட் கிடந்தா, நீர் ஏன் இஞ்ச நிக்கிறீர் எண்டு ஆரும் கேக்க மாட்டினம் தம்பி. ஆரோ கவுண்மேந்து ஆள் எண்டு நினைப்பினம்.”

அவருடைய தோள்பையில் மூன்று பொருட்கள் நிரந்தரம்: ஒரு தேசிக்காய், ஒரு கட்டு ஊதுபத்தி, கைபேசிக்கு மின்னூட்டும் வயர். நாங்கள் எலுமிச்சம்பழம் என்பதைத்தான் அவர் தேசிக்காய் என்கிறார். அதை எடுத்து ஹரிபிரசாத் பார்க்க வந்த வீட்டின் நடுக்கூடத்தில், தரையில், குழந்தையைப் படுக்கவைப்பதுபோல வைத்தார். பழம் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல உருண்டு, வேகம் பிடித்து, படுக்கையறைக் கதவைத் தாண்டி உள்ளே போய் எங்கோ முட்டி நின்றது.

“பாத்தீங்களோ, வீடு கிழக்குப் பக்கம் சரியுது. நூறு வருஷத்து வீடு, சரியாம என்ன செய்யும்? கட்டிலை இந்தச் சுவரோட போடுங்கோ. இல்லாட்டி காலமை எழும்பேக்க ரெண்டு பேரும் ஒரே மூலைக்குள்ள கிடப்பியள்.”

“அது பரவால்லக்கா” என்றாள் தீப்தி.

“இப்ப பரவாயில்லைதான். பத்து வருஷம் போகட்டும், பேந்து வந்து சொல்லும்.”

அடுத்து ஊதுபத்தி. ஒன்றைக் கொளுத்தி, சன்னல் சட்டங்களின் ஓரமாக, கதவின் இடுக்காக, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார். புகை நேராக மேலே போனால் நல்ல சன்னல். புகை வளைந்து நெளிந்தால் ஜனவரியில் அந்த வழியாகத்தான் குளிர் வரும், அதற்கு மின்சாரக் கட்டணமும் வரும். வீட்டைக் காட்ட வந்த இளைஞர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இது ஆசீர்வாதமா என்று பிரெஞ்சில் பணிவாகக் கேட்டார். “ஊய், ஊய்” என்று அக்கா உற்சாகமாகத் தலையாட்டினார். எங்கள் பக்கம் திரும்பித் தமிழில்: “காத்து எங்கால வருதெண்டு பாக்கிறன் எண்டு சொன்னா அவற்றை முகம் கறுத்துப்போகும். பூசை எண்டா பாருங்கோ, என்ன மரியாதையா நிக்கிறார்.”

நகரத்து வீட்டுக்காரர்கள் சடங்கென்று நினைப்பது அக்காவின் சோதனை. சோதனையென்று நினைப்பது சடங்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஊரில் வீட்டை அறைக் கணக்கில் சொல்வார்கள்: மூன்றரை, நாலரை, ஐந்தரை. அந்த அரை என்பது குளியலறை. வந்த புதிதில் எனக்கு இது விளங்காமல், அரை அறையில் யார் இருப்பார்கள் என்று கவலைப்பட்டேன். அக்காவுக்கு இந்தக் கணக்கில் இன்றுவரை உடன்பாடில்லை. “குளிக்கிற அறையை அரை எண்டு போட்டது ஆர்? ஆரோ தனிக்கட்டையாத்தான் இருக்கோணும். நாலு பேர் இருக்கிற வீட்டில காலமை ஆறு மணிக்கு அதுதான் முழு வீடு. மிச்சமெல்லாம் அரை.”

செய்தித்தாள்களில் பொருளாதார நிபுணர்கள் மாண்ட்ரியல் வாடகை பற்றி எழுதுவதை நான் விடாமல் படிக்கிறேன். படித்துப் பயப்படுகிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து வளர்ந்தவன் என்பதால் இரண்டு மொழிகளில் பயப்படத் தெரியும். இங்கே கடிதங்கள் வருவதோ மூன்றாவது மொழியில். அக்கா எதையும் படிப்பதில்லை. தட்டைப் பார்த்துச் சொல்கிறார். “பிளேனுக்குப் போற தட்டுக் குறையுது தம்பி. தட்டுக் குறைஞ்சா எங்கட ஆக்களைக் குறைப்பாங்கள். ஆக்களைக் குறைச்சா மூண்டாம் மாசம் லாசாலில வீடு வெறிக்கும்.” வெறிக்கும் என்றால் காலியாகும். அதேபோல் வெறித்தது. ஜூலை முதல் தேதி நடைபாதையில் சனங்கள் எறிந்துவிட்டுப் போகும் சாமான்களையும் அவர் படிப்பார். நல்ல சோஃபாக்கள் வெளியே கிடந்தால் ஊரில் காசு புழங்குகிறது. “போன வருஷம் ஒருத்தரும் சோஃபா விடேல்லை. கால் உடைஞ்ச கதிரையைக்கூட கட்டி ஏத்திக்கொண்டு போகுதுகள். ஸ்டுடன்ட் பிள்ளையள் வரத்துக் குறைஞ்சபடியா சின்ன வீடுகள் இப்ப ஆள் தேடுது. பெரிய வீடுகள்தான் இன்னும் கொம்பு முளைச்சு நிக்குது.”

பெரிய வீடு தேடிய தீப்தி இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டாள்.

பிப்ரவரி, மார்ச்சில் அக்காவுக்கு வேறொரு வேலை இருக்கும். வாடகையை உயர்த்தப்போவதாக வீட்டுக்காரர்களிடமிருந்து கடிதம் வரும் பருவம் அது. கடிதத்தின் கீழே மூன்று கட்டங்கள். முதலாவது: சம்மதம். இரண்டாவது: இந்த உயர்வுக்குச் சம்மதமில்லை, ஆனால் வீட்டில் தொடர்ந்து இருக்கிறேன். மூன்றாவது: காலி செய்கிறேன். நம்மவர்கள் இந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்கு அடியில் வைத்துவிடுவார்கள். பதில் எழுதினால் வீட்டுக்காரர் மனம் நோகுமே என்ற தயக்கம். ஒரு மாதம் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று கணக்கு. அக்கா வீடு வீடாகப் போய்ச் சாமிப் படத்தைத் தூக்கிக் கடிதத்தை எடுத்து, பேனாவையும் நீட்டுவார். “ரெண்டாம் கட்டத்தில புள்ளடி போடும். ‘நோன்’ எண்டு சொல்லப் பழகும். வாய் சுடாது.” நோன் என்றால் பிரெஞ்சில் மாட்டேன்.

இன்னொரு விதியும் அவருடையது. வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்தால் நாலாவது மணிக்குத்தான் எடுக்க வேண்டும். “முதல் மணிக்கே எடுத்தா, இவன் ஃபோனுக்கு மேலயே படுத்துக்கிடக்கிறான் எண்டு அவைக்கு விளங்கிடும். அஞ்சாம் மணிக்கு விட்டா அடுத்த ஆளுக்கு அடிச்சிடுவினம். நாலுதான் கணக்கு.” நான் எல்லா அழைப்பையும் முதல் மணிக்கே எடுக்கிற ஜாதி. இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு வீடு பிடித்துத் தந்தபோது, வீட்டுக்காரர் அழைத்த நேரத்தில் அக்கா என் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எண்ணி, நாலாவதற்குத்தான் திருப்பித் தந்தார். என் உயிர் அந்த மூன்று மணிகளில் போய்ப் போய் வந்தது. வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். விரல்களால்தான் குறைந்தது என்று அக்கா இன்றும் நம்புகிறார்.

இனி அந்தச் சடங்கு.

இந்த நகரத்தில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் கடைசியோடு முடிகின்றன. ஜூலை முதல் தேதி பாதி ஊர் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியுமாகத் தெருவில் நிற்கும். ஜூலை முதல் தேதி என்பது ஆனி மாதம். நம் வழக்கப்படி ஆனியில் யாரும் குடி போவதில்லை. வேறு எந்த இனத்துக்கும் வராத இந்தச் சங்கடத்தில் இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் முன்பெல்லாம் மாட்டிக்கொண்டு தவித்தன. ஆடி கழியட்டும் என்று ஆவணி வரை சாமான்களை வாடகைக் கிடங்கில் போட்டுவிட்டு, உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தவர்கள் உண்டு. அக்கா வழி கண்டுபிடித்தார். வைகாசி முடிவதற்குள் வீட்டுக்காரரிடம் கெஞ்சி ஒரு மணி நேரத்துக்குச் சாவி வாங்குவார். உள்ளே போய்ப் பால் காய்ச்சிப் பொங்கவைத்துவிடுவார். அத்தோடு குடி புகுந்தாயிற்று. சாமான் பிறகு எப்போது வந்தால் என்ன? “பால் வைகாசியில, லொறி ஆனியில. கடவுளுக்கு ஃபேர்னிச்சர் தேவையில்லை.”

சாவி எதற்கு என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். “திரைச்சீலைக்கு அளவெடுக்கோணும்” என்பார். பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யாமல் இருந்தால், பொரித்த ரோல்ஸ் பலகாரம் ஒரு பெட்டியோடு போய் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே நின்று பால் காய்ச்சுவார். இங்கே வாடகை வீடுகளில் பாதிக்கு அடுப்பே இருக்காது என்பதால், மின்சார அடுப்பு ஒன்றையும் கூடவே தூக்கிக்கொண்டு போவார்.

ஒருமுறை கோத்-தெ-நேஜில் நாற்பது குடித்தனங்கள் இருந்த கட்டடத்தில் பால் பொங்கி அடுப்பில் கொட்டி, புகை எழுந்து, அபாயமணி அலறி, கட்டடம் முழுவதும் வீட்டுச் செருப்போடு தெருவுக்கு இறங்கியது. தீயணைப்பு வண்டி வந்தது. கோடரியோடு மாடி ஏறிய மூன்று பேரையும் அக்கா நிறுத்திவைத்து, சீனி போட்டு ஆளுக்கொரு கோப்பை பால் கொடுத்தார். “மூண்டாவது பெடியன் இன்னொருக்கா வேண்டிக் குடிச்சவன்” என்பதுதான் அந்தச் சம்பவத்தில் அவர் நினைவில் வைத்திருப்பது. அன்றிலிருந்து பால் காய்ச்சும்போது ஒரு கையில் மடித்த செய்தித்தாளோடு அபாயமணிக்குக் கீழே நின்று விசிறிக்கொண்டே இருப்பார்.

கூலியாக அவர் கேட்பது ஒன்றுதான்: காலி அட்டைப்பெட்டிகள். அவருடைய சமையற்கூடத்திலிருந்து வந்த, கைபிடி ஓட்டை உள்ள, நல்ல தடித்த பெட்டிகள். சாமானைப் பிரித்து அடுக்கியதும் பெட்டிகளை மடித்துக் கட்டி அடுத்துக் குடி போகிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். என்னிடம் இருந்த ஒரு பெட்டியில் ‘சாமிப்படம், கவனம்’ என்று முதலில் எழுதி அடித்திருந்தது. அதன் கீழே ‘தாட்சாயினி சாறி’. அதையும் அடித்துவிட்டு ‘மிளகாய்த்தூள் + கம்பியூட்டர்’. அதற்கும் கீழே என் கையெழுத்தில் ‘முக்கியமான காகிதங்கள்’. நாலு குடும்பங்கள் ஒரே பெட்டியில் குடியிருந்து போயிருக்கின்றன.

மே மாதம் ஒரு நாள் பெட்டிகளை எடுக்க என் வீட்டுக்கு வந்தார். திரும்பவும் எப்போது வீடு மாற வேண்டி வருமோ என்ற பயத்தில் பதினாறையும் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். வெளியே இழுத்து எண்ணி, சரி பாதியாகப் பிரித்தார்.

“இது ஹரிக்கு. இந்த எட்டு எனக்கு.”

“உங்களுக்கா? நீங்கள் எங்கே போகிறீர்கள்?”

அவர் கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். நான் உளறினேன்: “லாசால் வீட்டுக்கா? உங்களுக்கு அங்கே மூன்று கட்டடம் சொந்தம் என்று...”

கயிறு வாயிலிருந்து விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார். “மூண்டோ? நான் கேள்விப்பட்டது நாலெல்லோ! ஒண்டை ஆர் தம்பி வித்தது?”

பிறகு பெட்டிக் கட்டின்மேல் உட்கார்ந்து சொன்னார். நோத்ர-டாம்-த-கிரேஸில் இருபத்திரண்டு வருடங்களாக அவர் இருப்பது ஒரு வாடகை நாலரை. அந்த வாடகைக்கு இன்றைக்கு இந்த ஊரில் ஓர் அறைகூடக் கிடைக்காது. பழைய இத்தாலிய வீட்டுக்காரர் இறந்துபோக, மகன்கள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். புதிதாக வாங்கியவர் டிசம்பரில் ஒரு பனி நாளன்று வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. மகளைக் குடிவைக்க வீடு வேண்டும் என்றார். கையில் கடிதம். அதிலும் கட்டங்கள். மாட்டேன் என்று போட அக்காவுக்கு உரிமை உண்டு. போட்டால் வழக்குமன்றம் வரை இழுபடும். இது அக்காவுக்குத் தெரியாததா?

“பெட்டை அந்த இரும்புப் படியில ஏறி வந்து மூச்சு வாங்குது தம்பி. ஏழு மாசம். இருத்திப்போட்டுத் தேத்தண்ணி குடுத்தன். ரெண்டு ரோல்ஸும் பொரிச்சன். அவள் ‘மெர்சி, மெர்சி’ எண்டு சாப்பிடுறாள். சாப்பாடு குடுத்த கையால என்னண்டு ‘நோன்’ எண்டு எழுதுறது?”

“அதனால்?”

“அதால என்ன, ‘ஓம்’ எண்டு புள்ளடி போட்டன். பேந்து ஊதுபத்தியைக் கொளுத்தி, சின்ன அறை சன்னலுக்குள்ளால காத்து வரும், குழந்தைக்கு ஆகாது, பிளாஸ்டிக் ஒட்டுங்கோ எண்டும் காட்டிக் குடுத்தன்.”

இதைப் பற்றி அவருடைய கணவர் இரவிச்சந்திரன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார். லாசாலில் ஒரு பட்டறையில் வேலை செய்து முழங்காலைத் தேய்த்துக்கொண்ட, அதிகம் பேசாத மனிதர். “ஊர் முழுக்க ‘நோன்’ சொல்லிக் குடுத்த மனிசி, தன்ர வீட்டை ரோல்ஸோட சேத்துக் குடுத்தது.” சொல்லிவிட்டு அக்காவைப் பார்ப்பார். கோபம் இருக்காது. கொஞ்சம் பெருமைகூட இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

ஐந்து மாதமாக அக்கா தனக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார், யாருக்கும் சொல்லாமல். தேவை மூன்றே மூன்று: கணவரின் முழங்காலுக்காகத் தரைத்தளம், டோர்வலுக்கு அதிகாலை பஸ், வாளியில் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் கறிவேப்பிலைக்குத் தெற்குப் பார்த்த சன்னல். மற்றவர்களுக்காகப் பேசும்போது “ஸெ த்ரான்கில், ஸெ ப்ரோப்ர்” என்று, அமைதியான சுத்தமான குடும்பம் என்று கூசாமல் அளந்துவிடுகிறவருக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. லாசாலில் கால்வாய்ப் பக்கம் மதாம் ஜெர்வே என்ற எழுபது வயதுப் பெண்மணியின் வீட்டுக் கீழ்த்தளம் பிடித்துப்போயிருந்தது. அவரிடம் போய் உள்ளதை எல்லாம் சொல்லியிருக்கிறார்: மீன் பொரிப்பேன், மிளகாய் வறுப்பேன், விடிவதற்கு முன் எழும்பிக் கதவைத் திறப்பேன் என்று.

“ஏன் அக்கா இதையெல்லாம் சொன்னீர்கள்?”

“பேந்து மணக்கேக்க மனிசி திடுக்கிட்டுப்போகாதோ? மேல இருக்கப்போறது அவதானே.”

மதாம் ஜெர்வே யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னொரு இளம் தம்பதியும் கேட்டிருக்கிறார்கள். ஜூன் பதினான்கு, சனிக்கிழமை மதியத்துக்குள் அழைப்பேன், நான் செய்தி விட்டுவைக்கிறவள் இல்லை, எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போட்டுவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார்.

“தேசிக்காய் உருட்டினீர்களா?” என்று கேட்டேன்.

அக்காவின் குரல் இறங்கியது. “வைச்சன் தம்பி. வைச்ச இடத்திலயே நிண்டது. அசையேல்லை.”

அந்தச் சனிக்கிழமை வைகாசியின் கடைசி நாள். மறுநாள் ஆனி பிறக்கிறது. ஹரிபிரசாத் எடுத்துக்கொண்ட அந்தச் சரிந்த வீட்டில் பால் காய்ச்ச, இராகுகாலம் கழித்துப் பத்தே முக்காலுக்கு மேல் நேரம் குறித்திருந்தார். புதிதாக வண்ணம் அடித்து வெறுமையாகக் கிடந்த வீடு. ஹரியும் தீப்தியும் பட்டு உடுத்தி நின்றார்கள். இரவிச்சந்திரன் சன்னல் விளிம்பில் முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். அக்கா மின்சார அடுப்பை மேடையில் வைத்து, எவர்சில்வர் பானைக்குத் திருநீறு பூசி, கற்பூரம் காட்டினார். எப்போதும் பைக்குள் கிடக்கும் கைபேசி, அன்று அடுப்புக்குப் பக்கத்தில் முகம் மேலே தெரிய வைக்கப்பட்டிருந்தது.

இங்கே பால் மூன்று பைகள் சேர்ந்த ஒரு கட்டாக வரும். ஒரு பையை ஊற்றியாயிற்று. சீனி எடுக்க அக்காவின் தோள்பைக்குள் கைவிட்ட தீப்தி, “அக்கா, ஐஸ் சுத்தி இன்னொரு பால் பை வெச்சிருக்கீங்களே? இதையும் ஊத்திடவா?” என்றாள்.

“அதைத் தொடாதையும் பிள்ளை.”

இரவிச்சந்திரன் கூரையைப் பார்த்தார். ஹரி என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து. அந்தப் பையும் வைகாசியிலேயே பொங்க இன்றைய நாள்தான் மிச்சம், இங்கிருந்து லாசாலுக்கு இருபது நிமிடம்.

“எல்லாரும் ஏன் செத்த வீட்டில நிக்கிற மாதிரி நிக்கிறியள்? அடுப்பைப் பாருங்கோ” என்று அக்கா அதட்டினார். மடித்த பத்திரிகையோடு அபாயமணிக்குக் கீழே போய் நின்று விசிறத் தொடங்கினார். அங்கிருந்தே கட்டளைகள்: “தீப்தி, ஊதாதையும், தானாப் பொங்கட்டும். ஹரி, பல்கனிக் கதவை நல்லாத் திறவும். ஃபயர்காரருக்கு இண்டைக்குப் பால் காணாது.”

பாலின் மேல் ஆடை சுருங்கியது. ஓரத்தில் குமிழ் கட்டியது.

கைபேசி அடித்தது. திரையில் ‘மதாம் லாசால்’.

என் கை தானாக அதை நோக்கிப் போனது. பத்திரிகையால் ஓர் அடி விழுந்தது, மணிக்கட்டில். அக்கா வலது கையால் விசிறிக்கொண்டே இடது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை நிமிர்த்தினார்.

“அக்கா, எடுங்கக்கா!” என்றாள் தீப்தி.

“பொறும்.”

இரண்டாவது மணி. இரண்டாவது விரல். பால் ஒரு மூச்சு இழுத்து மேலே வந்தது. வீடு கிழக்கே சரிவென்பதால் பானையின் கிழக்கு விளிம்பில் முதலில் நுரை எட்டிப் பார்த்தது. நல்ல சகுனம்தான், ஆனால் எல்லோருடைய கண்ணும் கைபேசியில். இரவிச்சந்திரன் முழங்காலை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

“சிவம்” என்று மனைவியை மெதுவாகக் கூப்பிட்டார்.

மூன்றாவது மணி. விசிறல் நின்றுவிட்டது. பால் வழிந்து பானையின் திருநீற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. அபாயமணிக்குக் கீழே, காற்றில், அக்காவின் மூன்று விரல்கள் நின்றன. நாலாவது விரல், மடங்கிய இடத்திலிருந்து பாதி நிமிர்ந்து, அடுத்த மணிக்குக் காத்திருந்தது.